"அனுப்பியாச்சு"ன்னு சொன்னா போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க. உங்க கோயில்ல இணையத்துல உபயப் பதிவு, அர்ச்சனைப் பதிவு வச்சிருந்தீங்கன்னா கடைசி வரை படிங்க. பக்தர்களும் படிக்கணும், ஏன்னா கடைசியில உங்ககிட்ட ஒரு உதவி கேட்கப் போறோம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எழுபது வயசைத் தாண்டிய ஓர் அம்மா, தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பூவோடு முன்மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று அவருடைய கணவருக்கு வருஷ திதி. மோட்ச தீபத்துக்கு ஜொகூரில் வேலை செய்யும் மகள் கைப்பேசியிலேயே பதிவு செய்து, 30 வெள்ளியும் பேங்க்கில் போட்டுவிட்டார். குருக்கள் பட்டியலைப் பார்த்தார். அந்தப் பெயர் இல்லை.

முகப்பில் இருந்த எங்கள் ஆள் ஒருவர், "மக சரியா அழுத்தலை போலிருக்கும்மா. மின்னஞ்சல் வந்திருந்தா பேர் இருக்கும்"னு சொல்லிட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. "மன்னிச்சுக்குங்க தம்பி, எங்களுக்கு இதெல்லாம் தெரியாது"ன்னு எங்ககிட்டயே மன்னிப்புக் கேட்டார்.

பெயரைக் கையால் எழுதி, தீபம் ஏற்றி அனுப்பிவைத்தோம். ராத்திரி மகள் தன் கைப்பேசித் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் கொட்டை எழுத்தில் இருந்தது: "நன்றி. உங்கள் பதிவு கிடைத்தது. உறுதி மின்னஞ்சல் அனுப்பப்பட்டது."

பதிவு கிடைக்கவில்லை, மின்னஞ்சலும் போகவில்லை. அது எங்கள் கோயில் பெயரில், எங்கள் பக்கம் சொன்ன பொய். அந்தப் பொய்க்கு ஒரு வயசான அம்மா மன்னிப்புக் கேட்டுட்டுப் போனார். அதனாலதான் இதை எழுதறோம்.

எங்கள் தொண்டர் குழுவில் ஆறு பேர். கம்ப்யூட்டர் படிச்சவங்க யாரும் இல்லை. இதை எழுதுகிற கை எஸ்.பி.எம். வரைக்கும் படிச்ச கை, பிறை பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷமா லைன் பார்க்கிற கை. பக்கத்தை எழுதிக் கொடுத்த தம்பி இப்போது வெளிநாட்டில் வேலை செய்கிறார். ராத்திரி வேலை முடிஞ்சு போன்ல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு நன்றி.

நிர்வாகக் கூட்டத்தில் மூணு பேச்சு வந்தது. ஒண்ணு, "அந்தத் தம்பி ஒழுங்கா செய்யலை." ரெண்டு, "பக்தர்கள் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கிறதில்லை." மூணு, "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புது சிஸ்டம் வாங்கலாம்." தொழிற்சாலையில் லைன் நின்னா நாங்க முதல்ல ஆளைத் திட்டறதில்லை. எந்த இடத்துல நின்னுச்சுன்னு பார்ப்போம். பொருள் முதல் மேசையைத் தாண்டுச்சா? இரண்டாவது மேசைக்கு வந்துச்சா? அதே வழியில் ஒரு மின்னஞ்சலைப் பின்தொடர்ந்து போனோம். மூணு பேச்சுமே தப்புன்னு தெரிஞ்சுது.

முதல் உண்மை. அந்தப் பக்கம் முன்னால ஒரு வாடகை சர்வரில், லினக்ஸில் ஓடிக்கிட்டிருந்தது. செலவைக் குறைக்கலாம்னு, ஓர் உபயக்காரர் கொடுத்த விண்டோஸ் சர்வர் 2016 கணினிக்கு மூணு வாரத்துக்கு முன்னால மாத்தினோம். கோப்புகளை அப்படியே நகல் எடுத்துப் போட்டோம். பக்கம் திறந்தது, படிவம் வந்தது, எல்லாரும் கைதட்டினோம். யாரும் ஒரு பதிவு போட்டு மின்னஞ்சல் வருதான்னு பார்க்கலை. இது முழுக்க எங்கள் குற்றம்.

ஸ்கிரிப்ட் பி.எச்.பி.யில் எழுதியது. அதில் 'மெயில்' என்று ஒரே ஒரு கட்டளை. லினக்ஸில் அந்தக் கட்டளை கடிதத்தை அதே கணினியில் இருக்கும் 'சென்ட்மெயில்' என்ற அஞ்சல்காரரிடம் கொடுத்துவிடும். விண்டோஸில் அப்படி ஒரு அஞ்சல்காரர் கிடையாது. அங்கே அதே கட்டளை, பி.எச்.பி.யின் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும் அஞ்சல் சர்வரை நேரே தேடிப் போகும். நாம ஒண்ணும் எழுதலைன்னா 'லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 25', அதாவது தன்னுடைய வீட்டுக் கதவையே தட்டும். வீட்டுக்குள்ள அஞ்சல் வேலை பார்க்க யாரும் இல்லை. தட்டிட்டுத் திரும்பிடும்.

அப்ப ஏன் பிழைன்னு காட்டலை? அந்தக் கட்டளைக்கு முன்னால் 'அட்' குறி ஒண்ணு இருந்தது. பி.எச்.பி.யில் அந்தக் குறி போட்டா, "பிழை வந்தாலும் வாயைத் திறக்காதே"ன்னு அர்த்தம். அடுத்த வரியில், கட்டளை ஆம் என்றதா இல்லை என்றதா என்று பார்க்காமலே "அனுப்பப்பட்டது" என்று எழுதியிருந்தது. எச்சரிக்கை மணியின் வயரை அறுத்துட்டு, பச்சை விளக்கை எப்பவும் எரிய விட்ட மாதிரி. குறியை எடுத்ததும் மறு நிமிஷமே பிழை வந்தது: லோக்கல்ஹோஸ்ட் 25-இல் அஞ்சல் சர்வரோடு இணைய முடியவில்லை. மூணு வாரமா அந்தக் கணினி இதைச் சொல்லத்தான் பார்த்திருக்கு. நாமதான் வாயைக் கட்டி வச்சிருந்தோம்.

இங்கே நிறுத்தியிருந்தால் கதை சின்னது. இனிமேல்தான் முக்கியமான பாடம்.

வேறொரு கோயில் அன்பர், "விண்டோஸிலேயே எஸ்.எம்.டி.பி. சேவை இருக்கு, அதைப் போட்டுக்குங்க"ன்னு சொன்னார். போட்டோம். இப்போது வீட்டில் ஓர் அஞ்சல்காரர் வந்துட்டார். ஸ்கிரிப்ட் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கிட்டார், கட்டளையும் "ஆம், வெற்றி" என்றது. எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் எந்தப் பெட்டிக்கும் மின்னஞ்சல் வரவில்லை. சி டிரைவில் 'இனெட்பப்' என்ற கோப்புறைக்குள் 'மெயில்ரூட்', அதற்குள் 'கியூ' என்று ஒரு கோப்புறை இருக்கும். திறந்து பார்த்தால் எங்கள் கடிதங்கள் எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

காரணம், வெளியே போகும் போர்ட் 25 மூடியிருந்தது. உலகம் முழுக்கப் பல இணையச் சேவை நிறுவனங்கள், குப்பை அஞ்சலைத் தடுக்கச் சாதாரண இணைப்புகளில் இந்தக் கதவை மூடி வைக்கின்றன. அதில் தப்பு ஒண்ணும் இல்லை. நம்ம அஞ்சல்காரர் கடிதத்தை வாங்கிப் பையில போட்டுக்கிட்டார், ஆனா தெருவுக்கு இறங்க வழியில்லை. பவர்ஷெல்லில் 'டெஸ்ட் நெட்கனெக்‌ஷன்' என்ற கட்டளையில் வெளி அஞ்சல் சர்வரின் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுத்துப் பார்த்தோம். 25-க்கு 'இல்லை', 587-க்கு 'ஆம்' என்று வந்தது. இதைச் செய்ய ஒரு நிமிஷம் போதும். நாங்க அதுக்கு முன்னால ரெண்டு ராத்திரி வீணாக்கினோம்.

ஆக, "வெற்றி" என்று பி.எச்.பி. சொன்னால், "பக்கத்தில் இருக்கிறவர் வாங்கிக்கொண்டார்" என்பதுதான் பொருள். பக்தர் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருள் இல்லை. வாங்கிக்கிட்டது வேற, அனுப்பியது வேற, சேர்ந்தது வேற. மூணையும் ஒரே சொல்லா நினைச்சுத்தான் நாம ஏமாறுறோம். கோயில் நிர்வாகத்திலும் இதே பழக்கம் இருக்கு. "சுற்றறிக்கை அனுப்பியாச்சு", "சொல்லியாச்சு", "குரூப்ல போட்டாச்சு" என்போம். போய்ச் சேர்ந்ததான்னு யாரும் கேட்கிறதில்லை.

அந்தச் சேவையைப் பற்றி இன்னொரு விஷயம். மைக்ரோசாஃப்ட் 2012-லேயே அதைக் கைவிடும் பட்டியலில் வச்சுட்டாங்க, விண்டோஸ் சர்வர் 2025-இல் அதை எடுத்தே விட்டாங்க. அதை நம்பிப் புதுசா ஒண்ணும் கட்டாதீங்க. வச்சிருக்கிறவங்க, 'ரிலே' அனுமதியை அந்த ஒரே கணினிக்கு மட்டும் கொடுங்க. "போகலைன்னா எல்லாருக்கும் திறந்து விடுங்க"ன்னு எங்களுக்கும் ஒருத்தர் யோசனை சொன்னார். செய்யாதீங்க. கோயில் வாசலைத் திறந்து வச்சா பக்தர் வருவார். அஞ்சல் சர்வரை எல்லாருக்கும் திறந்து வச்சா உலகத்துக் குப்பையெல்லாம் கோயில் முகவரியிலிருந்துதான் போகும். அப்புறம் கோயில் முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறும்.

சரியான வழி 587. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து, பூட்டிய பாதையில் அனுப்புவது. பி.எச்.பி.யின் அந்தப் பழைய கட்டளைக்கு விண்டோஸில் கடவுச்சொல் கொடுக்கவும் தெரியாது, பாதையைப் பூட்டவும் தெரியாது. அதனால் 'பி.எச்.பி.மெயிலர்' என்ற இலவசத் தொகுப்பைச் சேர்த்தோம். அதில் சோதனைப் பேச்சை இயக்கினால் ரெண்டு சர்வரும் பேசிக்கிறதை வரி வரியாகப் படிக்கலாம். 220 என்றால் வணக்கம் சொல்கிறது. 250 என்றால் சரி. நாலில் ஆரம்பித்தால் 'இப்ப முடியாது, அப்புறம் வா'. ஐந்தில் ஆரம்பித்தால் 'முடியவே முடியாது'. எங்களை மாதிரி ஆளுக்கு அந்த எண்கள் பெரிய தைரியம். மெஷின்ல எர்ரர் கோடு பார்க்கிற மாதிரிதான்.

அதற்குள் அரை நாள் இன்னொன்றில் போச்சு. பாதையைப் பூட்ட 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' வேணும். அமைப்புக் கோப்பில் அந்த வரிக்கு முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை எடுக்கணும். எடுத்தோம், மாற்றம் இல்லை. மறுபடி பார்த்தோம், மாற்றம் இல்லை. கடைசியில் பார்த்தா அந்தக் கணினியில் அதே பெயரில் ரெண்டு கோப்பு. ஐ.ஐ.எஸ். படிக்கிறது ஒண்ணு, நாங்க திருத்தினது இன்னொண்ணு. 'பி.எச்.பி. இன்ஃபோ' பக்கத்தில் எந்தக் கோப்பு ஏறியிருக்குன்னு ஒரு வரி இருக்கும். முதல்ல அதைப் பாருங்க. திருத்தின பிறகு ஐ.ஐ.எஸ்.ஸை மறுபடி தொடங்குங்க. சோதனை முடிஞ்சதும் அந்த இன்ஃபோ பக்கத்தை அழிச்சிடுங்க, கண்டவங்க பார்க்கக் கூடாது.

அடுத்து 535. கடவுச்சொல் ஏற்கவில்லை. அமைப்பில் இருந்தது கோயில் முகவரி இல்லை, முன்னாள் பொறுப்பாளர் ஒருவரின் சொந்த ஜிமெயில். 2022 மே 30 முதல், சொந்த ஜிமெயில் கணக்குகளில் வெறும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இப்படிப்பட்ட செயலிகள் நுழைவதை கூகுள் நிறுத்திவிட்டது. இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, செயலிக்கென்று தனியாக 16 எழுத்துக் கடவுச்சொல் எடுத்தால் நுழையலாம். "அவரையே கேட்டு அதை எடுத்துடலாம்"ன்னு சொன்னாங்க. நாங்க ஒத்துக்கலை. அவர் நல்லவர்தான். ஆனா நாளைக்கு அவர் கடவுச்சொல்லை மாத்தினா கோயில் பதிவு நின்னுடும். பக்தர்களின் பெயர், நட்சத்திரம், தொலைபேசி எண் எல்லாம் ஒருத்தர் சொந்தப் பெட்டியில கிடக்கும். உண்டியல் சாவியை ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக விடுவோமா? கோயில் டொமைனிலேயே ஓர் அஞ்சல் பெட்டி திறந்தோம். கடவுச்சொல்லை எழுதி உறையில் ஒட்டி, செயலாளர், பொருளாளர் இருவர் கையெழுத்தோடு அலமாரியில் வச்சிருக்கோம்.

ஒரு வழியா மின்னஞ்சல் போச்சு. ஆனா அலுவலக ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்குப் போச்சு. இதுக்கும் பக்தரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஸ்கிரிப்ட், கோயிலுக்கு வரும் கடிதத்தில் 'அனுப்புநர்' இடத்தில் பக்தரின் முகவரியைப் போட்டிருந்தது. பதில் எழுத வசதின்னு அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வாங்க. இப்போது அது, அடுத்தவர் கையெழுத்தை நாம போட்டு அனுப்புற மாதிரி. அனுப்புநர் எப்பவும் கோயில் முகவரியா இருக்கணும். பக்தர் முகவரி 'பதில் முகவரி' இடத்தில் இருந்தால் போதும். கூடவே டொமைன் அமைப்பில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற இரண்டு பதிவுகள் போட்டோம். முதலாவது, எங்கள் பெயரில் அனுப்ப எந்தச் சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல். இரண்டாவது, கடிதத்தில் இடும் முத்திரை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பாகிவிட்டன. சின்ன அளவில் அனுப்புகிறவர்களிடமும் இரண்டில் ஒன்றாவது கேட்கிறார்கள்.

இப்போது எல்லாம் ஓடுது. ஆனா இதோட முடிஞ்சதுன்னு நினைச்சா நாங்க ஒண்ணும் கத்துக்கலைன்னு அர்த்தம்.

மின்னஞ்சல் போகாதது சின்னக் கோளாறு. எந்தக் கணினியிலும் வரும். பெரிய தப்பு, அந்த மின்னஞ்சலே பதிவேடா இருந்ததுதான். பக்தர் எழுதினது வேறு எங்கும் சேமிக்கப்படலை. கடிதம் தொலைஞ்சா பதிவும் தொலைஞ்சது. நம்ம பெரியவங்க கோயில் நடத்தின காலத்தில் கணினி இல்லை. ஆனா பெரிய கணக்கு நோட்டு இருந்தது. முதலில் நோட்டில் எழுதுவாங்க, பிறகு ரசீது கிழிப்பாங்க. ரசீது தொலைஞ்சாலும் நோட்டில் பேர் இருக்கும். நாம கணினிக்கு மாறினப்போ நோட்டைத் தூக்கிப் போட்டுட்டு ரசீதை மட்டும் வச்சுக்கிட்டோம். இப்போது ஸ்கிரிப்ட் முதலில் தரவுத்தளத்தில் எழுதுது, பதிவு எண்ணைத் திரையில் காட்டுது, அப்புறம்தான் மின்னஞ்சல். மின்னஞ்சல் போகலைன்னா "பதிவு கிடைத்தது, மின்னஞ்சல் அனுப்ப இயலவில்லை, இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று உண்மையைச் சொல்லுது.

சிலர் கேட்கிறாங்க: "கோயிலுக்கு எதுக்கு இவ்வளவு? வாட்ஸ்அப்ல கேட்டா போதாதா?" வாட்ஸ்அப் நல்லதுதான், நாங்களும் வச்சிருக்கோம். ஆனா அது யாரோ ஒருத்தர் கைப்பேசியில இருக்கு. அவர் வேலை மாறினா, போன் தொலைஞ்சா, பதிவும் போச்சு. "பக்தி இருந்தா போதும், கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை"ன்னும் ஒரு பேச்சு. கோபுரத்தில் விரிசல் விட்டா ஸ்தபதியைக் கூப்பிடுறோம், ஒயரிங் போனா உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுறோம். அப்போ பக்தி மட்டும் போதும்னு சொல்றதில்லையே? பக்தர் கொடுத்த 30 வெள்ளிக்கும் அவர் சொன்ன பெயருக்கும் நாம பொறுப்பு. பட்டியலில் விடுபட்ட பெயர் வெறும் எழுத்து இல்லை. ஒரு குடும்பம் வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக் கேட்க விரும்புற பெயர்.

புது சிஸ்டம் வாங்குறதை நாங்க எதிர்க்கலை. ஆனா பழையது ஏன் நின்னுச்சுன்னு தெரியாம புதுசு வாங்கினா, அது நிக்கும்போதும் இதே மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிப்போம். விற்கிறவர் திரையிலும் "அனுப்பப்பட்டது"ன்னுதான் வரும். "சேர்ந்ததுன்னு எப்படித் தெரியும்? தவறினா யாருக்குத் தெரியும்? பதிவு எங்கே இருக்கும்? சாவி யார் கையில்?" இந்த நாலு கேள்வியைக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

எங்கள் கோயிலில் இப்போது ஒரு பழக்கம் வச்சிருக்கோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் அலுவலகம் திறக்கும்போது ஒருத்தர் சோதனைப் பதிவு போடணும். வேறு ஒருத்தர் தன் கைப்பேசியில் அந்த மின்னஞ்சல் வந்ததைப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடணும். ஷிப்ட் மாறும்போது மெஷினை ஓட்டிப் பார்த்து எழுதி வைக்கிற அதே பழக்கம். ஐந்து நிமிஷ வேலை.

இப்போது உங்ககிட்ட கேட்கிற உதவி.

அந்த மூணு வாரத்தில் எத்தனை பேர் பதிவு போட்டாங்கன்னு ஐ.ஐ.எஸ். குறிப்பில் தேடினோம். அந்தக் குறிப்பில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம்ம நேரத்துக்கு எட்டு மணி நேரம் கூட்டணும். கூட்டிப் பார்த்தா 43 பதிவுகள். யார், என்ன என்ற விவரம் அதில் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். பேங்க் கணக்கோடு நேரத்தை ஒத்துப் பார்த்து 38 பேரைக் கண்டுபிடிச்சு, ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுப் பேசிட்டோம். தேதி தாண்டினவங்களுக்கு அவங்க விரும்புற நாளில் செய்து கொடுக்கிறோம். ஜொகூர் மகளையும் அவர் அம்மாவையும் முகப்பில் அன்று பேசின நம்ம ஆளே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். யாரும் அவரைக் கேட்கச் சொல்லலை.

இன்னும் 5 பேர் யாருன்னு தெரியலை. போன மாதம் எங்கள் பக்கத்தில் பதிவு போட்டு, "அனுப்பப்பட்டது"ன்னு திரையில் பார்த்து, மின்னஞ்சல் வராமல், நம்ம தப்பா இருக்கும்னு நினைச்சுச் சும்மா இருந்தவங்க அந்த 5 பேர். அது உங்க தப்பு இல்லை. அலுவலகத்துக்கு வாங்க, இல்லைன்னா கூப்பிடுங்க. ரசீது வேண்டாம். பெயர் சொன்னா போதும்.